வெயில் மூடிய இடைவெளி

(மேற்கு சிட்னியின் வில்லாவுட்டில் தமிழ்ப் பெற்றோரும் மாணவரும் கூடியிருந்த ஒரு சனிக்கிழமை மாலை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளே வரும்போது வாசலோரம் ஒரு மேசையைப் பார்த்திருப்பீர்கள். மேசையில் ஒரு பலகை. பலகையில் நீள்வட்டமாகத் தண்டவாளம், ஒரு சிறிய ரயில் இயந்திரம், மூன்று பெட்டிகள். பக்கத்தில் மின்சுற்று ஒன்று, ஒரு மல்டிமீட்டர், ஒரு கொப்பி, ஒரு பென்சில். உங்களில் சிலர் ஆளியைப் போட்டுப் பார்த்தீர்கள். வண்டி அசையவில்லை. ஒரு தம்பி என்னிடம் ஓடிவந்து, "ஐயா, இது பழுதாய்ப் போச்சு" என்று கவலையோடு சொன்னார். "தெரியும் தம்பி, பேச்சு முடியட்டும்" என்றேன். அதுவரைக்கும் அது அப்படியே இருக்கட்டும்.

நான் பேசிக்கொண்டிருக்கும்போது வெளியே நீண்ட இரைச்சல் ஒன்று கேட்கலாம். வில்லாவுட்டில் இருப்பவர்களுக்கு அது பழகிய சத்தம். கரமார், வில்லாவுட், லேய்ட்டன்ஃபீல்ட், செஸ்டர் ஹில் என்று வரிசையாக வரும் பயணிகள் பாதைக்குப் பக்கத்திலேயே சரக்கு வண்டிகளுக்கென்று 2013 இல் திறந்த தனிப்பாதை ஓடுகிறது. மக்கார்தரிலிருந்து செஃப்டன் வரை 36 கிலோமீட்டர். பயணிகள் வண்டிக்கு இடைஞ்சல் இல்லாமல் கொள்கலன்களை ஏற்றிய நீண்ட வண்டிகள் அதில் போகின்றன. ரயிலின் சத்தத்தோடு வாழும் ஊர் இது. இங்கே ரயிலைப் பற்றிப் பேசுவது பொருத்தம் என்று நினைத்தேன்.

ஆனால் இன்று நான் பேசப்போவது உள்ளங்கையில் அடங்கும் ரயிலைப் பற்றி. நானும் என் மகளும் எங்கள் கராஜுக்குள் ஒரு மாதிரி ரயில் பாதை அமைத்தோம். அதை ஓட்டும் இலக்கமுறைக் கட்டுப்பாட்டுக் கருவியையும் நாங்களே செய்தோம். அது மூன்று முறை எங்களைக் கைவிட்டது. அந்த மூன்று பழுதுகளையும், அவற்றை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதையும் சொல்ல வந்திருக்கிறேன். இந்த நாட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்கு, வாங்கிக் கொடுக்கும் பொருள்களைவிட ஒரு பழுதை முழுதாகத் தேடிப் பார்க்கும் பொறுமை பெரிய சொத்து என்று நான் நம்புகிறேன். அதை அந்தச் சின்ன வண்டிதான் எனக்குப் படிப்பித்தது.

ஏன் இந்தப் பாதை?

எங்கள் பலகையில் இருப்பது யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வரையான பாதை. கொக்குவில், கோண்டாவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று எங்கள் அம்மம்மா விரல் மடக்கிச் சொல்லும் பெயர்கள். அவர் ரயில் என்று சொல்லமாட்டார், கோச்சி என்பார். 1902 இல் யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே வண்டி ஓடத் தொடங்கியது. 1905 இல் வடக்குப் பாதை முழுமையடைந்து கொழும்போடு இணைந்தது. 1956 ஏப்ரலில் யாழ்தேவி என்ற கடுகதி வண்டி வந்தது. 1990 இல் போரோடு எல்லாம் நின்றுபோனது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் இருந்த இடம் தெரியாமல் போயின. 2014 ஒக்டோபர் 13 இல் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரி 2 இல் காங்கேசன்துறைக்கும் வண்டி மறுபடி வந்து சேர்ந்தது. இடையில் ஏறத்தாழ கால் நூற்றாண்டு. அந்தக் கால் நூற்றாண்டில் பிறந்த பிள்ளைகளில் எத்தனையோ பேர் ரயில் ஓடாத ஊரிலிருந்து புறப்பட்டு, ரயில் ஓடும் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர்கள்.

யாழ்தேவி ஓடத் தொடங்கிய காலத்தில் இலங்கைப் பாதைகளில் புதிதாக வந்து நின்றவை கனடா கொடுத்த எம்2 வகை டீசல் இயந்திரங்கள். கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் வந்தவை. ஒன்டாரியோ, அல்பேர்டா என்று கனடிய மாகாணங்களின் பெயரைத் தாங்கியவை. அவை ஜெனரல் மோட்டார்ஸ் வடிவமைப்பு. இதே குடும்பத்து இயந்திரங்களை அதே காலத்தில் இங்கே, நமக்கு வடக்கே சில கிலோமீட்டர் தள்ளி, கிரான்வில்லில் இருந்த கிளைட் தொழிற்சாலை கட்டிக்கொண்டிருந்தது. அவுஸ்திரேலியாவின் ஜிஎம்1 இயந்திரம் 1951 இல் அங்கேதான் உருவானது. என் மகள் இதைப் படித்துச் சொன்ன நாள் எனக்கு நல்ல நினைவு. நான் பிறந்த ஊரின் பாதையும், அவள் வளரும் ஊரின் பட்டறையும் ஒரே குடும்பத்து இயந்திரத்தால் உறவாகிவிட்டன. அன்றைக்கே பலகையை அறுக்கத் தொடங்கினோம்.

தண்டவாளத்தில் ஓடும் சொல்

பழுதைச் சொல்வதற்கு முன் இந்தக் கருவி என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும். பழைய முறையில், தண்டவாளத்துக்கு நேர்மின்னோட்டம் கொடுப்பார்கள். வோல்ட்டைக் கூட்டினால் வண்டி வேகமாக ஓடும், குறைத்தால் மெதுவாகும், முனைகளை மாற்றினால் பின்னோக்கி ஓடும். எளிமையான ஏற்பாடு. ஆனால் ஒரே பாதையில் இரண்டு வண்டிகள் நின்றால் இரண்டும் சேர்ந்தே புறப்படும், சேர்ந்தே நிற்கும். நிலையத்தில் யாழ்தேவியை நிறுத்திவைத்துச் சரக்கு வண்டியை மட்டும் ஓட்ட வேண்டுமானால் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு ஆளி வைக்க வேண்டும்.

1980களின் இறுதியில் ஜேர்மனியில் லென்ஸ் நிறுவனம் வேறு வழி கண்டது. அந்த முறையை அடிப்படையாக வைத்து அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில்வே சங்கம் 1990களின் நடுப்பகுதியில் ஒரு பொதுத் தரத்தை வகுத்தது. டிசிசி என்று அழைக்கும் முறை அதுதான். தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்ட்டும் இருக்கும். வண்டிகளுக்கான கட்டளையும் அதே தண்டவாளத்தில், அதே மின்சாரத்தின் மேல் ஏறிப் போகும். ஒவ்வொரு இயந்திரத்துக்குள்ளும் நகமளவு சில்லொன்று இருக்கும். அதன் பெயர் டிகோடர்.

நல்லூர்த் திருவிழாவுக்குப் போனவர்கள் இதை உடனே விளங்கிக்கொள்வீர்கள். கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்டால் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அந்தக் குரல் வீதி முழுவதும் எல்லோர் காதிலும் விழும். பெயருக்குரியவர் மட்டும்தான் திரும்பிப் பார்ப்பார். டிசிசியும் அப்படித்தான். "3 ஆம் இலக்க இயந்திரமே, முன்னோக்கி, இந்த வேகத்தில் போ" என்று பாதை முழுவதும் அறிவிப்பு போகும். எல்லா டிகோடரும் கேட்கும். 3 ஆம் இலக்கம் மட்டும் கீழ்ப்படியும்.

அந்த அறிவிப்பின் எழுத்துகள் இரண்டே இரண்டு: ஒன்று, சுழியம். மின்சாரம் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே முனை மாறி மாறி ஓடுகிறது. ஒரு பக்கம் 58 மைக்ரோ செக்கன், மறுபக்கம் 58 மைக்ரோ செக்கன் என்று மாறினால் அது "ஒன்று". பக்கத்துக்கு 100 மைக்ரோ செக்கன் அல்லது அதற்கு மேல் எடுத்தால் அது "சுழியம்". மைக்ரோ செக்கன் என்பது செக்கனில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. முதலில் குறைந்தது 14 "ஒன்று"கள் வரும். அது ஒலிபெருக்கியில் தொண்டையைச் செருமுவது போல. பிறகு முகவரி, பிறகு கட்டளை, கடைசியில் ஒரு சரிபார்க்கும் எண். முகவரியையும் கட்டளையையும் வைத்து டிகோடர் தானே கணக்குப் பார்த்து, அந்தக் கடைசி எண்ணோடு ஒப்பிடும். ஒத்துவந்தால் கட்டளையை ஏற்கும். ஒரு எழுத்துப் பிசகினாலும் முழு அறிவிப்பையும் எறிந்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கும். இவை செக்கனுக்கு நூற்றுக்கு மேல் போய்க்கொண்டே இருப்பதால் ஒன்றிரண்டு தவறினாலும் வண்டி தடுமாறாது.

வில்லாவுட்டில் நின்று இதைச் சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. தண்டவாளத்தில் ஓடும் இந்த மின்சாரம் ஆடலோட்டமா, நேரோட்டமா, ஏசியா, டிசியா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்த இரண்டு சொற்களையும் பெயராகச் சூட்டிக்கொண்டு உலகப் புகழ் பெற்ற இசைக்குழு ஒன்று உண்டு. அதைத் தொடங்கிய யங் சகோதரர்களின் குடும்பம் 1963 இல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்து தங்கியது இங்கே, வில்லாவுட் குடியேறிகள் விடுதியில். தையல் இயந்திரம் ஒன்றில் அக்கா மார்கரெட் கண்ட எழுத்துகளே அந்தப் பெயருக்கு ஊற்று. நம்மவர்க்கு வில்லாவுட் என்றதும் குடிவரவுத் தடுப்பு நிலையத்தின் வேலிதான் முதலில் மனதில் வரும். அந்த வலி உண்மையானது. இந்த மண்டபத்தில் இருக்கும் சிலர் அதைச் சுமந்தவர்கள். ஆனால் இந்த ஊர் பல காலமாக வெளியிலிருந்து வந்தவர்கள் தங்கள் கையால் எதையோ கட்டி எழுப்பத் தொடங்கிய இடமும்கூட. அந்த வரிசையில் எங்கள் கராஜுக்கும் ஒரு சின்ன இடம் உண்டு என்று நினைத்துக்கொள்கிறேன்.

பிள்ளைகளின் கேள்விக்கு வருகிறேன். தண்டவாளத்தில் ஓடுவது முனை மாறும் சதுர அலை. வீட்டு மின்சாரம் போல ஏறி இறங்கும் அலை அன்று. இது ஏன் முக்கியம் என்றால், சாதாரண மல்டிமீட்டர் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலைக்கு அளவு பிடித்தது. எங்கள் அலை செக்கனுக்கு ஆயிரக்கணக்கில் மாறுவது. மீட்டர் காட்டும் எண்ணை அப்படியே நம்பக்கூடாது. இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அது உதவும். கருவியின் எல்லையைத் தெரிந்து வைத்திருப்பதே பழுது தேடுவதில் முதல் படி.

முதல் பழுது: வெளிச்சம் உண்டு, சொல் இல்லை

நாங்கள் எடுத்தது ஆர்டுயினோ ஊனோ என்ற சிறிய கணினிப் பலகையும் அதன்மேல் பொருத்தும் மோட்டார் ஷீல்டும். கிரெக் பெர்மன் என்பவர் 2015 இல் இதே இரண்டு பலகைகளை வைத்து டிசிசி++ என்ற மென்பொருளை எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். அதை அப்படியே ஏற்றியிருந்தால் வேலை அன்றைக்கே முடிந்திருக்கும். மகள் மறுத்தாள். பதினைந்து வயது. "நான் எழுதிப் பார்க்கிறன் அப்பா" என்றாள். மூன்று வாரம் எழுதினாள்.

ஆளியைப் போட்டோம். தண்டவாளத்தின் குறுக்கே வைத்த சின்ன மின்குமிழ் பளிச்சென்று எரிந்தது. வண்டி அசையவில்லை. "அப்பா, லைட் எரியுது. கரண்ட் இருக்கு. அப்ப ஏன் ஓடேல்லை?" என்று கேட்டாள்.

என் கை உடனே பரபரத்தது. வயரை மாற்றினேன், டிகோடரைக் கழற்றி மாட்டினேன், மின்வழங்கியை மாற்றினேன். ஒரு மணி நேரம் போயிற்று. அவள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "நீங்கள் ஏன் எல்லாத்தையும் ஒரே நேரத்திலை மாத்துறியள்? பிறகு எது சரி செய்ததெண்டு எப்பிடித் தெரியும்?"

மின்னியல் வேலையில் முப்பது வருடம் இருந்தவன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இல்லை. அன்றைக்குத்தான் இந்தக் கொப்பியை எடுத்தோம்.

ஒரு தாளில் சங்கிலி ஒன்று வரைந்தோம். மின்வழங்கி, ஆர்டுயினோ, மோட்டார் ஷீல்ட், தண்டவாளம், சக்கரம், டிகோடர், மோட்டார். ஏழு கண்ணி. ஒரு முனையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவதைவிட நடுவில் பார்ப்பது நல்லது. நடுவில் சரியாக இருந்தால் முன்பாதியைத் தேட வேண்டியதில்லை. பிழையாக இருந்தால் பின்பாதியை விட்டுவிடலாம். ஒவ்வொரு அளவையிலும் தேடும் இடம் பாதியாகக் குறையும். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக்கரண்டி போட்டுத் தேடுகிறவர் கிணறு முழுவதும் கண்டபடி துழாவமாட்டார். பக்கம் பக்கமாக ஒதுக்கிக்கொண்டு வருவார். அதே முறைதான்.

மின்குமிழ் எரிந்ததால் தண்டவாளம் வரை மின்சாரம் வருவது தெரிந்தது. ஆனால் அங்கே வருவது மின்சாரம் மட்டுமா, சொல்லும் வருகிறதா? குமிழுக்குச் சொல் தேவையில்லை; அது எதைக் கொடுத்தாலும் எரியும். ஆகவே ஆர்டுயினோவின் கால் ஒன்றில் லாஜிக் அனலைசர் என்ற மலிவான கருவியை மாட்டிக் கணினியில் அலையைப் பார்த்தோம். 58 இருக்க வேண்டிய இடத்தில் 29. 100 இருக்க வேண்டிய இடத்தில் 50.

இரண்டும் சரிபாதி. ஒரே அளவில் சுருங்கிய பிழை என்றால் அதற்கு ஒரே மூலம்தான் இருக்கும். ஊனோ செக்கனுக்கு 160 லட்சம் தரம் துடிக்கிறது. மகள் அதை எட்டால் வகுத்திருந்தாள். துடிப்புக்கு அரை மைக்ரோ செக்கன். 58 மைக்ரோ செக்கனுக்கு 116 துடிப்பு எண்ண வேண்டும். அவள் 58 என்று எழுதிவிட்டாள். தரத்தின்படி டிகோடர் "ஒன்று" என்று ஏற்பது 52 முதல் 64 வரை; "சுழியம்" என்று ஏற்பது 90 இலிருந்து. எங்கள் 29 உம் 50 உம் அதற்கு எழுத்தாகவே படவில்லை. இரண்டு எண்களைத் திருத்தினோம். வண்டி கொக்குவிலைத் தாண்டிப் போயிற்று.

அவள் தப்பாகப் படித்தது ஒரேயொரு அலகை. நான் முதல் ஒரு மணி நேரத்தில் மாற்றிய பொருள்களில் ஒன்றுகூடப் பழுதில்லை.

இரண்டாவது பழுது: தூரம் போகப் போகத் தளர்ச்சி

யாழ்ப்பாணத்தில் துள்ளிக்கொண்டு புறப்படும் வண்டி மல்லாகத்தில் தள்ளாடும், தெல்லிப்பழையில் நின்றுவிடும். அது யூலை மாதம், கராஜ் குளிர்ந்து கிடந்த நேரம்.

இந்த முறை கொப்பியில் முதலில் எழுதினோம். யாழ்ப்பாணத்தில் எவ்வளவு வோல்ட், மல்லாகத்தில் எவ்வளவு, காங்கேசன்துறையில் எவ்வளவு. வண்டி நிற்கும்போது ஒருமுறை, வண்டி இழுக்கும்போது ஒருமுறை. நிற்கும்போது எல்லா இடமும் ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருந்தது. இழுக்கும்போதுதான் தூரத்து முனை சரிந்தது. சுமை ஏறும்போது மட்டும் வோல்ட் குறைந்தால் வழியில் எங்கோ தடை இருக்கிறது என்று பொருள்.

தடை பல இடங்களில் பதுங்கியிருந்தது. மோட்டார் ஷீல்டில் இருக்கும் எல்298 சில்லே ஒரு அம்பியர் ஓட்டத்தில் இரண்டு மூன்று வோல்ட்டை விழுங்கிவிடும். நான் போட்டிருந்த வயர் மெல்லியது: 0.2 சதுர மில்லிமீட்டர். செம்பு அந்தக் கனத்தில் மீட்டருக்கு 0.086 ஓம் தடை காட்டும். போக நான்கு மீட்டர், வர நான்கு மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 0.7 ஓம். ஒரு அம்பியருக்கு 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். எல்லாவற்றையும்விட மோசம் மூட்டுகள். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் சின்னத் தகடுகள் தளர்ந்து, கறுத்துப்போய், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடிக்கொண்டிருந்தன.

இதைச் சோதிக்க மாதிரி ரயில்காரர்கள் நாணயம் ஒன்றைப் பயன்படுத்துவார்கள். நாங்கள் எடுத்தது அவுஸ்திரேலிய 20 சத நாணயம். அதை இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே ஒரு கணம் வைத்தால் குறுக்குச் சுற்று ஏற்பட்டுக் கருவி உடனே தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும். பாதையின் எந்த இடத்தில் வைத்தாலும் நிறுத்த வேண்டும். காங்கேசன்துறையில் வைத்தபோது எங்கள் கருவி நிற்கவில்லை. வழியில் இருந்த தடை ஓட்டத்தை மட்டுப்படுத்தியதால் ஆபத்து நேர்ந்ததே கருவிக்குத் தெரியவில்லை. அந்த நிலையில் ஒரு வண்டி தடம் புரண்டு கிடந்தால் டிகோடரும் சக்கரமும் சூடாகி உருகும். ஓடவில்லை என்பதைவிட, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை என்பது பெரிய பழுது. பிள்ளைகளே, இந்தச் சோதனையை வீட்டில் செய்வதென்றால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். நாணயத்தை உடனே எடுத்துவிட வேண்டும்.

பலகைக்குக் கீழே 1.5 சதுர மில்லிமீட்டர் கனமான வயர் இரண்டை முழு நீளத்துக்கும் ஓட்டினேன். அத்தோடு நின்றிருக்கலாம். ஆர்வ மிகுதியில் மூட்டுகளையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு மூட்டையும் ஈயம் உருக்கி ஒட்டினேன். மூன்று மீட்டர் நேர்ப்பாதை ஒரே துண்டுபோல் ஆயிற்று. நாணயச் சோதனை எல்லா இடத்திலும் சரிவந்தது. வண்டி காங்கேசன்துறை வரை தளராமல் ஓடியது. இனிமேல் பிழை வராது என்று மகளிடம் சொன்னேன்.

மூன்றாவது பழுது: நாளில் சில மணி நேரம் மட்டும்

காங்கேசன்துறைக்கு அப்பால் வண்டி திரும்பி வருவதற்கு ஒரு வளையம் வைத்திருந்தோம். வளையத்தில் போய்த் திரும்பும் வண்டிக்கு இடது தண்டவாளம் வலதாகிவிடும். அப்படியே விட்டால் குறுக்குச் சுற்று. அதனால் வளையத்தை மற்றப் பாதையிலிருந்து இடைவெளி வெட்டிப் பிரித்து, வண்டி உள்ளே போனதும் முனைகளை மாற்றுவதற்கு ரிலே என்ற மின்காந்த ஆளி ஒன்றை வைப்பார்கள். ரிலேயை எப்போது மாற்றுவது என்ற நிரலை மகள் எழுதினாள். இடைவெளியை மெல்லிய வாளால் நான் வெட்டினேன், அந்த யூலை மாதக் காலையில்.

ஒகஸ்ட், செப்டெம்பர், ஒக்டோபர், நவம்பர் முழுவதும் ஒரு குறையும் இல்லை. டிசெம்பர் விடுமுறையில் தொடங்கியது. வண்டி வளையத்துக்குள் போகும். ரிலே "டக்" என்று மாறும். அந்தக் கணமே எல்லாம் நின்றுவிடும். மறுநாள் காலையில் போட்டால் நாற்பது முறை ஓடினாலும் நிற்காது. மாலையில் மறுபடி.

ரிலே மாறும் அதே கணத்தில் நிற்கிறது. ரிலேயை மாற்றுவது மகளின் நிரல். எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. "உன்ரை கோடிலைதான் பிழை" என்று இரண்டு வாரம் சொன்னேன். அவள் திருப்பித் திருப்பி வாசித்தாள். கால இடைவெளியை மாற்றினாள். ரிலேயை மாற்றினாள். ஒருநாள் அழுதும்விட்டாள். அதை இந்த மேடையில் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. ஆனாலும் இந்த மண்டபத்தில் இருக்கும் அப்பாமார் கேட்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அவள் கொப்பியை விடவில்லை. ஒவ்வொரு முறையும் திகதி, நேரம், நடந்தது என்ன என்று எழுதினாள். கராஜ் சுவரில் தொங்கிய வெப்பமானியின் அளவையும், காரணம் தெரியாமலே, பக்கத்தில் குறித்துக்கொண்டு வந்தாள். ஜனவரி தொடக்கத்தில் ஒரு இரவு கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "அப்பா, முப்பத்தி நாலுக்குக் கீழை ஒருநாளும் வரேல்லை."

மேற்கு சிட்னியின் கோடையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2020 ஜனவரி 4 இல் பென்ரித்தில் 48.9 பாகை செல்சியஸ் பதிவானது. தகரக் கூரை போட்ட கராஜ் மாலையில் அடுப்புப் போல் கிடக்கும்.

உலோகம் சூட்டில் நீளும். தண்டவாளம் செய்யும் நிக்கல் சில்வர் ஒரு பாகைக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 16 மைக்ரோமீட்டர் நீளும். நான் இடைவெளி வெட்டிய காலை 10 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி மாலை 40. முப்பது பாகை, மூன்று மீட்டர்: ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நான் வெட்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டர்தான். மூட்டுகளை ஒட்டாமல் விட்டிருந்தால் அந்த நீட்சி ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்திருக்கும். எல்லாவற்றையும் ஈயத்தால் அடைத்து, ஒரு முனையைப் பலகையோடு இறுக்கிவிட்டேன். போக்கிடமில்லாத நீட்சி முழுவதும் அந்த ஒரே இடைவெளிக்கு வந்து அதை மூடிவிட்டது. மூடிய இடைவெளி சும்மா இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. இரண்டு பக்கமும் ஒரே முனை. ரிலே மாறிய கணத்தில்தான் எதிர்முனைகள் ஒன்றையொன்று தொடும். ரிலே பிழையை வெளிக்காட்டியது. பிழையைச் செய்தது நான்.

மறுநாள் மின்சாரத்தை நிறுத்தி, வளையத்தின் வயர்களைக் கழற்றி, இடைவெளியின் இரு பக்கமும் மீட்டரை வைத்தோம். காலை ஏழு மணிக்கு மௌனம். மாலை நான்கு மணிக்கு "பீப்". மகள் என்னைப் பார்த்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு செய்தது சின்ன வேலை. மூட்டுகள் சிலவற்றில் ஈயத்தை உருக்கி எடுத்து நெகிழவிட்டோம். அங்கே மின்சாரம் குறையாமல் இருக்க ஒவ்வொரு துண்டுக்கும் கீழே உள்ள கன வயரிலிருந்து தனி வயர் கொடுத்தோம். வளைய இடைவெளிக்குள் மெல்லிய பிளாஸ்டிக் துண்டை வைத்து ஒட்டினோம். இரண்டாவது பழுதைத் தீர்க்க நான் செய்த மருந்துதான் மூன்றாவது நோயாக முளைத்தது. ஒவ்வொரு திருத்தமும் ஒரு மாற்றம்தான். என்ன மாற்றினோம், எப்போது மாற்றினோம் என்று எழுதி வைக்காவிட்டால் அது ஆறு மாதம் கழித்து வேறு முகத்தோடு வந்து நிற்கும்.

பெரிய தண்டவாளங்களில்

இது கராஜ் விளையாட்டுத்தானே என்று யாருக்காவது தோன்றினால் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1988 டிசெம்பர் 12 காலை, லண்டனில் கிளப்பம் சந்தி நிலையத்துக்கு அருகே வண்டிகள் மோதி 35 பேர் இறந்தார்கள். சிவப்புக் காட்ட வேண்டிய சமிக்ஞை சிவப்பைக் காட்டவில்லை. காரணம், புதிய வயர் போட்டபோது பழைய வயர் ஒன்றை ஒரு முனையில் மட்டும் கழற்றி, வெட்டி ஒதுக்காமல் விட்டது. இரண்டு வாரம் அது எதையும் தொடாமல் கிடந்தது. பக்கத்தில் வேறு வேலை நடந்தபோது அசைந்து, பழைய இடத்தைத் தொட்டது. எங்கள் கராஜின் இடைவெளியைப் போல அதுவும் காத்திருந்த பழுது.

விசாரணை நடத்திய அந்தனி ஹிடன் அந்த வயரை விட்ட தொழிலாளியின் கையோடு நிற்கவில்லை. பதின்மூன்று வாரத்தில் அந்தத் தொழிலாளிக்குக் கிடைத்தது ஒரேயொரு நாள் ஓய்வு என்பதைக் கண்டார். செய்த வேலையை இன்னொருவர் தனியாக எண்ணிப் பார்க்கவில்லை என்பதைக் கண்டார். வயரை விட்டவர் ஒருவர்தான். அந்த வயரை யாரும் பார்க்காமல் போக வழி வைத்தது முழு ஏற்பாடும்.

இதைப் படித்தபோது எனக்கு, மகளின் நிரலைக் குற்றம் சொன்ன என் இரண்டு வாரம் நினைவுக்கு வந்தது. பழுது வந்தால் மனம் முதலில் ஒரு ஆளைத் தேடுகிறது. ஆளைக் கண்டதும் தேடுவதை நிறுத்திவிடுகிறது. நான் மகளைக் கண்டேன், நிறுத்திவிட்டேன். அவள் ஆளைத் தேடாமல் வெப்பமானியை எழுதிக்கொண்டு வந்தாள். இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் அவ்வளவுதான், கண்டுபிடித்தவள் அவள்தான். வீட்டில், வேலையிடத்தில், நம் சங்கங்களில்கூட, ஒன்று சரிவராதபோது நாம் யாரால் என்று கேட்பதை நிறுத்தி எப்போது, எங்கே, எந்த நிலையில் என்று கேட்கப் பழகினால் எத்தனையோ மனத்தாங்கல்கள் வந்திருக்கமாட்டா.

இன்னொரு சொல். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1946 இல் தொடங்கிய மாதிரி ரயில் கழகத்தில் மாணவர்கள் தொலைபேசி நிலையங்களின் ரிலேக்களை வைத்துப் பாதைகளைக் கட்டுப்படுத்தினார்கள். கணினி உலகத்தின் முதல் ஹேக்கர்கள் என்று சொல்லப்படுபவர்கள் பலர் அந்த மேசைக்குக் கீழே வயர் பிடித்துப் பழகியவர்கள். கையில் கிடைத்ததைத் திறந்து, எப்படி ஓடுகிறது என்று பார்த்து, கண்டதை மற்றவர்க்கும் சொல்லிக் கொடுப்பது அவர்கள் வழக்கம். டிசிசியின் அளவுகள் எல்லோரும் படிக்கும்படி திறந்து கிடப்பதால்தான் பதினைந்து வயதுப் பிள்ளை ஒருத்தி கராஜில் இருந்து அதை எழுத முடிந்தது. நம் பிள்ளைகள் திறந்து பார்க்கட்டும். உடைத்தாலும் பரவாயில்லை, உடைந்தது எப்படி என்று எழுதட்டும்.

என் பேச்சு முடிகிறது. இனி வாசலில் இருக்கும் மேசைக்கு வருவோம். அந்த வண்டி ஓடாமல் இருப்பது தற்செயலாக நடந்ததில்லை. நேற்றிரவு என் மகள் அதில் ஒரே ஒரு பழுதை வைத்தாள். எங்கே வைத்தாள் என்று என்னிடமும் சொல்லவில்லை. மீட்டர் அங்கே இருக்கிறது. கொப்பியின் முதல் பக்கத்தில் ஏழு கண்ணிச் சங்கிலியை வரைந்து வைத்திருக்கிறாள். மற்றப் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. பிள்ளைகளே, ஒருநேரத்தில் ஒன்றை மட்டும் தொடுங்கள். தொட்டதை எழுதுங்கள். முதலில் வந்து பழுது என்று சொன்ன தம்பி முன்னுக்கு வாருங்கள். பென்சில் உங்கள் கையில்.